மூச்சு குடிக்கும் சுவர்

ஜூலை 6, ஞாயிறு

ஆண்டவரே, முதலில் மன்னிப்பு. ஜெபத்தை எழுதுவது முறையா என்று எனக்குத் தெரியாது. வாயால் வர மாட்டேன் என்கிறது. இன்று பெண்கள் ஐக்கியத்தில் சுற்று ஜெபம் என் முறைக்கு வந்தபோது ஒரு வார்த்தைகூட வரவில்லை. எல்லோரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். பக்கத்திலிருந்த அக்காவே "ஆமென்" சொல்லி என்னைத் தாண்டிப் போய்விட்டாள். "பி.எஸ்ஸி. முடிச்ச பிள்ளைக்கு ஒரு ஜெபம் வரலியே" என்று வெளியே வந்ததும் சிரித்தார்கள். சிரித்ததில் தப்பில்லை. எனக்கே சிரிப்பு வந்தது, வீட்டுக்கு வந்த பிறகு.

அதனால் கல்லூரியில் மிச்சமான ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறேன். உமக்கு நேரம் இருக்கும்போது பார்த்துக்கொள்ளும்.

இன்று நடந்தது: ஓய்வுநாள் பள்ளி முடிந்து பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். நான் பாயைச் சுருட்டக் குனிந்தேன். வடக்குச் சுவரிலிருந்து ஒரு முறம் அளவுக்குக் காரை பெயர்ந்து பாயின் மேல் விழுந்தது. சற்று முன்புவரை அங்கே பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். என் மேல் தூசி மட்டும். குருவானவர் ஓடிவந்து என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், பிறகு அந்த இடத்திலேயே முழங்காலில் நின்றுவிட்டார்.

நன்றி. அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

வலது உள்ளங்கையில் கொப்புளம் உடைந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் போட்டிருக்கிறேன். எதனால் என்று உமக்குத் தெரியும்.

ஜூலை 7, திங்கள்

காரையைப் பெருக்கி அள்ளினேன். பாயைத் துவைத்துக் காயப்போட்டேன். அம்மாவுக்குப் பீடி இலை வெட்டிக் கொடுத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் சபைச் செயலர் ஜெயசீலன் அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். டவுனில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கடையில் பேசுவதுபோலவே கோயிலிலும் பேசுவார்.

"மூணு வழி இருக்கு. ஒண்ணு, இத இடிச்சுட்டு இதே இடத்துல புதுசாக் கட்டுறது. ரெண்டு, இதப் பூட்டிப் போட்டுட்டு ரோட்டோரத்துல கட்டுறது. மூணு, ஒட்டுப் போடுறது."

மூன்றாவதைச் சொல்லும்போது கிழிந்த சட்டையை விரலால் தூக்கிக் காட்டுவதுபோல இருந்தது. ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. "போன வாரம் விழுந்தது காரை. அடுத்த வாரம் எது விழும்னு யாரு பொறுப்பு ஏத்துக்கிடுவா? பிள்ளைய உக்காருத இடம்."

முதல் வழிக்கு ஏற்கெனவே படம் போட்டு ஃபிளெக்ஸ் அடித்திருந்தார். தூணே இல்லாத கூடம், கண்ணாடிக் கதவு, ஏ.சி., தானாக அடிக்கும் மின்சார மணி. இப்போது எங்கள் வீடு இருக்கிற இடத்தில், படத்தில் ஒரு சிவப்புக் கார் நின்றது.

அப்பா கோயில்பிள்ளையாக இருக்கும்வரைதான் எங்களுக்கு அந்த வீடு. கோயிலின் பின்சுவரை ஒட்டிக் கட்டியது. எங்களுக்கென்று மூன்று சுவர்கள்தான், நாலாவது கோயிலுடையது. மணி அடிப்பது, கதவு திறப்பது, பெருக்குவது, விளக்குப் போடுவது அப்பா வேலை. அதில் பெருக்குவதையும் துடைப்பதையும் செய்வது நானும் அம்மாவும்.

அம்மா படத்திலிருந்த சிவப்புக் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காரு நல்ல கலரு" என்றாள். அப்பா இடது கையால் வலது தோளைப் பிடித்தபடி, "நல்லாத்தான் வரஞ்சிருக்கான்" என்றார்.

சபை கூடி முடிவெடுப்பது அடுத்த மாதம். அதற்குள் ஒரு பொறியாளரை வரவழைத்துக் கேட்போம் என்றார் குருவானவர்.

ஜூலை 18, வெள்ளி

மதுரையிலிருந்து பழைய கட்டடங்களைப் பார்க்கும் பொறியாளர் வந்தார். முழுப்பெயர் மங்கையர்க்கரசி. அரசி மேடம் என்று கூப்பிடச் சொன்னார். வாசலில் செருப்பைக் கழற்றினார். நெற்றியில் திருநீறு இருந்தது. ஒரு சின்ன மரச்சுத்தியலால் சுவரைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். நான் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"யார் இந்த டைல்ஸ் எல்லாம் ஒட்டினது?" என்று கேட்டார்.

"ஒருத்தர்னு சொல்ல முடியாதும்மா. எல்லாருந்தான்" என்றார் குருவானவர்.

உமக்குத் தெரிந்ததுதான். பிரதிஷ்டைப் பண்டிகை வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு குடும்பம் தங்கள் வீட்டில் இறந்தவர் நினைவாகக் கோயிலுக்கு ஏதாவது செய்யும். முதலில் ஃபேன். றெக்கைக்கு றெக்கை பெயர் எழுதி. பிறகு டியூப்லைட். மாட்ட இடமில்லாமல் போனதும் சுவருக்கு வந்தார்கள். ஆள் உயரத்துக்கு டைல்ஸ், அதன் நடுவில் கறுப்புக் கல், "நினைவாக" என்று பொன் எழுத்து. மேலே பளபளக்கும் பெயிண்ட். அதற்கும் மேலே ஜெயசீலன் அண்ணாச்சி அவருடைய அப்பா நினைவாகப் போட்ட ஃபால்ஸ் சீலிங். ஞானஸ்நானத் தொட்டிக்கு அருகில் சாராள் டீச்சர் ஒட்டியது மட்டும் வேறு மாதிரி. அவர் மகன் கிங்ஸ்லியின் முகமே டைல்ஸில் அச்சாகியிருக்கும்.

எல்லாப் பெயரும் எனக்கு மனப்பாடம். சனிக்கிழமைதோறும் துடைக்கிறேனே. எங்கள் பெயர் எதிலும் இல்லை. குறையாகச் சொல்லவில்லை.

அரசி மேடம் ஒரு டைல்ஸின் ஓரத்தில் விரல் வைத்துக் காட்டினார். விரல் நனைந்திருந்தது. "சுவர்ல ஒரு நோயும் இல்லை. செங்கல்லும் சுண்ணாம்பும், நல்ல கனம். ஆனா உள்ள போன ஈரம் வெளிய வர வழியில்லை. டைல்ஸ், சிமெண்ட், பிளாஸ்டிக் பெயிண்ட் எல்லாமாச் சேர்ந்து மூக்கையும் வாயையும் பொத்தியாச்சு. மூச்சு முட்டித்தான் காரையைத் தள்ளுது."

"அன்பால பொத்தியிருக்கோம்" என்றார் குருவானவர், மெல்ல.

அரசி மேடம் என்னிடம், "நீ என்னம்மா படிச்ச?" என்று கேட்டார். கெமிஸ்ட்ரி என்றேன். "அப்ப சுண்ணாம்பு எப்படிக் கல்லாகுதுன்னு உனக்கே தெரியுமே."

தெரியும். பரீட்சையில் சமன்பாடு எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் குடித்துக்குடித்துக் கல்லாக மாறும். அவ்வளவுதான் எழுதினேன். கோயிலுக்குள் இருக்கிற அந்த வாயு யார் விட்டது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மேடம் போன பிறகு டைல்ஸ் இல்லாத ஒரு மூலையில் உள்ளங்கையை வைத்து நின்றேன். பாடினவர்கள், அழுதவர்கள், பிரசங்கத்தில் தூங்கினவர்கள் எல்லோரும் விட்ட மூச்சு. அதில் கொஞ்சம் இங்கே கல்லாக நிற்கிறது. கையை எடுக்கவே பயமாக இருந்தது.

ஜூலை 23, புதன்

மேற்கூரையைச் சோதிக்க ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றினார்கள். பலகை பலகையாக இறங்கியது. எலிப்புழுக்கை, ஒரு பழைய இறகுப்பந்து, குருவிக்கூடு, தூசி. தூசி அடங்கும்வரை எல்லோரும் வெளியே நின்று இருமினோம்.

பிறகு உள்ளே போனேன்.

ஆண்டவரே, நான் இந்தக் கோயிலில் வளர்ந்தவள். எனக்கு இதன் பாதிதான் தெரியும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. சீலிங் போட்டபோது எனக்கு ஐந்து வயது. அதற்கு முன்னால் மேலே பார்த்தது நினைவில் இல்லை. கூரையைத் தாங்கும் கறுத்த பனங்கைகள் இரண்டு பக்கமும் ஏறி உச்சியில் சேர்கின்றன, ஜெபத்துக்குக் குவித்த விரல்கள் மாதிரி. அவற்றுக்குக் கீழே, பெயிண்டடிக்கிறவர்கள் கை எட்டாத உயரத்தில், சுவர் முட்டை ஓட்டைப்போல வெள்ளையாக, லேசாக மினுங்கிக்கொண்டு இருக்கிறது. அங்கே வட்டமாக இரண்டு ஜன்னல்கள். அவை இருப்பதையே மறந்திருந்தோம். அவற்றின் வழியாக வெளிச்சம் சாய்ந்து வந்து எதிர்ச்சுவரில் நின்றது.

கையில் துடைப்பம் இருந்தது. எதைப் பெருக்க வந்தேன் என்பது மறந்துவிட்டது.

அம்மா உள்ளே வந்து அண்ணாந்தாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். "இவ்வளவு நாளும் மூடியா வச்சிருந்தோம்?" என்றாள்.

ஜூலை 24, வியாழன்

காலையில் துடைக்கப் போனேன். மறுபடியும் அண்ணாந்தேன். கழுத்து வலிக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

முதல் பாட்டின் முதல் வரியில் பாதிப்பேர் பாடுவதை நிறுத்திவிட்டார்கள். பயந்துபோய். குரல் மேலே போய் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தது. இரண்டாம் வரியை எல்லோரும் மெதுவாகப் பாடினோம், அது எங்கே போகிறது என்று பார்ப்பதற்காகவே. கீபோர்டு வாசிக்கும் பையன் வாசிப்பை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டிருந்தான்.

வெளியே குழாயடியில் ஜெயசீலன் அண்ணாச்சி, "எதிரொலிக்குதுன்னுதானய்யா அன்னைக்கு சீலிங் போட்டோம்? பிரசங்கம் புரியலன்னு நீங்கதான சொன்னிய?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துவீட்டுப் பெரியப்பா, "பிரசங்கம் இப்பவும் புரியல அண்ணாச்சி. பாட்டாவது கேக்கட்டும்" என்றார். குருவானவர் காதில் விழுந்தது. அவரும் சிரித்துவிட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அரசி மேடத்தின் அறிக்கை வந்தது. பழுதுபார்க்கலாம். ஆனால் டைல்ஸ், சிமெண்ட், பெயிண்ட் எல்லாவற்றையும் உரிக்க வேண்டும். ஒன்றுகூட மிச்சம் வைக்கக் கூடாது. சுவர் உலர ஒரு கோடை வேண்டும். பிறகு சுண்ணாம்புதான் பூச வேண்டும்.

அறிவிப்பு முடிவதற்குள் சண்டை.

"எங்க ஐயா பேரத்தான் முதல்ல உரிப்பியளோ?"

"வேற இடத்துல கல்வெட்டு வைப்போம்னு குருவானவரு சொல்லுதாகள்லா."

"அவரு உக்காந்த இடத்துல ஒட்டினது. வேற இடத்துல வைக்க அவரு என்ன வேற சபையா?"

ஒரு வேடிக்கை பார்த்தேன். சென்ற மாதம் இடிக்கக் கூடாது என்று சொன்னவர்களே இன்றைக்கு இடித்துவிடலாம் என்கிறார்கள். எல்லோர் பெயரும் ஒன்றாகப் போனால் பரவாயில்லை, தங்கள் பெயரை ஒருவன் உளிவைத்துப் பெயர்ப்பதைத்தான் பார்க்க முடியாது. அப்பா, "நம்ம சாமான நாமளே..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். "வேதமாணிக்கம், ஒனக்கென்னப்பா? எடுக்க ஒனக்குப் பேரும் இல்ல. இடிச்சா ஒனக்கு வீடு போயிரும். அந்தப் பயந்தான?" என்றார் ஒருவர். அப்பா பின்னுக்கு நகர்ந்துகொண்டார்.

சாராள் டீச்சர் கத்தவில்லை. எழுந்து கிங்ஸ்லியின் முகத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அவன் வளைகுடாவில் வேலைக்குப் போன இடத்தில் விபத்தில் இறந்தவன். உடலைப் பெட்டியைத் திறக்காமலே புதைத்தார்கள்.

"என் பிள்ளைய ஒரு தடவ எடுத்துக் கொடுத்துட்டேன். ரெண்டாந்தடவையும் எடுக்கச் சொல்லுதியளா?" என்றார்.

சண்டை அதோடு நின்றது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

டீச்சருக்கு ஆறுதல் தாரும்.

ஆகஸ்ட் 9, சனி

இன்றைக்கு ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். உமக்குத் தெரியாததில்லை. ஆனால் என் கையெழுத்தில் இன்னும் வரவில்லை.

அப்பாவால் வலது தோளைச் சென்ற டிசம்பரிலிருந்து தூக்க முடியவில்லை. மணி அடிப்பது நான். மணிக்கூண்டின் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நான் கயிற்றைப் பிடிப்பேன். அப்பா கதவுக்கு வெளியே நிற்பார். மணி ஓய்ந்ததும் அப்போதுதான் வெளியே வந்தவர்போல நெற்றியைத் துடைப்பார். தோள் போனது தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் வீடு. அதுவும் தவிர, பெண்பிள்ளை மணி அடித்ததாக இந்த ஊரில் கேள்விப்பட்டதில்லை.

காலையில் கிழக்குத்தெரு ஆபிரகாம் தாத்தா இறந்துவிட்டார். துக்கமணி. ஒரு அடி, பிறகு ஒரு மூச்சு முழுக்க இழுத்து விடும் நேரம், பிறகு அடுத்த அடி. அப்பா அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். கண்ணை மூடி அடித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. சாராள் டீச்சர். அவருக்குப் பின்னால் அப்பா, இறைச்சிக்கடையில் அகப்பட்ட கோழிமாதிரி முழித்துக்கொண்டு.

"நிறுத்தாத. அடி" என்றார் டீச்சர். அடித்து முடித்தேன்.

"கிங்ஸ்லிக்கு அடிச்சது ஒங்கப்பா. ஒவ்வொரு அடிக்கும் நடுவுல எவ்வளவு நேரம்னு என் ஒடம்புல இருக்கு. அவரு மூச்சு நீளம். போன கிறிஸ்மஸுக்கு அப்புறம் இந்த ஊர்ல செத்தவங்களுக்கெல்லாம் சின்ன மூச்சு. அதான் யாருன்னு பாக்க வந்தேன்."

"டீச்சர், யார்கிட்டயும்..." என்று அப்பா கை கூப்பினார். வலது கை நெஞ்சுவரைகூட ஏறவில்லை. டீச்சர் அதைப் பார்த்தார்.

எனக்கு எங்கிருந்து குரல் வந்தது என்று தெரியவில்லை. "டீச்சர், ஒண்ணு சொல்லட்டுமா?" என்று ஆரம்பித்துவிட்டேன். சுண்ணாம்பைப் பற்றிச் சொன்னேன். முன்பெல்லாம் பண்டிகைக்குப் பண்டிகை வெள்ளையடித்தார்கள். அந்தந்த வருடத்துப் பூச்சு அந்தந்த வருடத்து மூச்சைக் குடித்துக் கல்லாயிருக்கும். கிங்ஸ்லி அண்ணன் பாடகர் குழுவில் பாடினது சீலிங் வருவதற்கு முன்னால். வட்ட ஜன்னலுக்குக் கீழே அந்தப் பூச்சு இன்னும் இருக்கிறது.

டீச்சர் என்னையே பார்த்தார். "நெசமா? இல்ல, என்னத் தேத்துதியா?"

"எவ்வளவுன்னு சொல்ல முடியாது டீச்சர். ரொம்பக் கொஞ்சம். ஆனா இருக்கும். பொய்யில்ல."

அவர் திரும்பிப் போய்விட்டார். அதிகம் பேசிவிட்டேனோ?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

டீச்சர் இன்றைக்கு வழக்கமான இடத்தில் உட்காரவில்லை. நடுவில் உட்கார்ந்து ஆராதனை முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சபைக் கூட்டம். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்ததால், தமிழில் சொல்ல என்னைக் கூப்பிட்டார் குருவானவர். "கோயில்பிள்ள மக வாசிச்சா கோயில்பிள்ள வீட்டுக்குத்தான் சாதகமா வரும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

மைக்கின் முன்னால் நின்று முதல் வாக்கியம் சொன்னேன். கரண்ட் போனது.

ஃபேன்கள் பெயர்களோடு மெதுவாகச் சுற்றி நின்றன. "சத்தமாச் சொல்லுட்டி!" என்றார்கள். என்னால் சத்தமாகப் பேச முடியாது என்பது உமக்குத் தெரியும். என் குரலிலேயே அடுத்த வரியைச் சொன்னேன். அது என்னைவிட்டுப் போனது. மேலே, பனங்கைகள் வரைக்கும் போனது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த, காது மந்தமான பக்கத்துவீட்டுப் பெரியப்பா, "கேக்கு, கேக்கு, சொல்லு" என்றார். கூட்டம் அடங்கிவிட்டது. வாசலில் நின்ற அம்மா கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

எதையும் மறைக்கவில்லை. சாதகமில்லாததையும் சொன்னேன். நாள் பிடிக்கும், ஒரு கோடை முழுக்கப் பந்தலில் ஆராதனை, ஏ.சி. போட முடியாது. உரித்தால் சுவர் உயிர்பிழைக்கும், உரிக்காவிட்டால் காரை விழுந்துகொண்டேதான் இருக்கும். பேசி முடித்ததும் என் கடைசிச் சொல் கொஞ்ச நேரம் மேலேயே நின்றது.

முதலில் எழுந்தது சாராள் டீச்சர். நேராகத் தொட்டிக்கு அருகில் போனார். கிங்ஸ்லியின் முகத்தில் ஒருமுறை கையை வைத்தார். "இத முதல்ல எடுங்க. ஒடையாம எடுத்தா வீட்டுக்குக் கொண்டுபோறேன். ஒடஞ்சா ஒடையட்டும். என் பிள்ள இதுல இல்ல" என்றார். பிறகு விரலை மேலே நீட்டினார். "அங்க இருக்கான்."

ஜெயசீலன் அண்ணாச்சி எழுந்து அண்ணாந்து பார்த்தார். "எங்கய்யா சீலிங்தான் ஏற்கெனவே எறங்கியாச்சே" என்றார். தொண்டையைச் செருமினார். "ஃபேன எடுக்கச் சொல்ல மாட்டாகள்லா? அது சுவர ஒட்டல."

"ஃபேன் இருக்கலாம்" என்றேன். கோயில் முழுக்கச் சிரித்தது. சிரிப்பும் மேலே போய்த் திரும்பி வந்தது.

பழுதுபார்ப்பதற்கு ஆதரவாகக் கை தூக்கச் சொன்னார் குருவானவர். எல்லோரும் தூக்கவில்லை. பாதிக்குமேல் தூக்கினார்கள். அப்பா இடது கையைத் தூக்கினார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

டீச்சரின் டைல்ஸை எடுத்தார்கள். முகத்தின் நாடிப்பக்கம், வாய்க்குக் கீழே, ஒரு மூலை மட்டும் உடைந்தது. பின்னாலிருந்த சுவர் கறுத்து ஈரமாக இருந்தது. டீச்சர் அதன்மேல் கன்னத்தை வைத்தார். "குளுந்து கெடக்கே" என்றார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

காலையில் தொட்டுப் பார்த்தேன். ஓரங்கள் வெளுத்திருக்கின்றன. காய்கிறது. மூச்சு விடுகிறது.

ஆகஸ்ட் 30, சனி

அப்பா இன்று குருவானவரிடம் தோளைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் சொல்லச் சொல்லவில்லை. "கோயிலே ஒளிச்சு வச்சதையெல்லாம் உரிக்குது. நான் மட்டும் மூடிட்டு நிக்கவா?" என்றார். மணி அடித்தது யார் என்பதையும் சொல்லிவிட்டார். வேலை நடக்கும்வரை வீட்டில் இருந்துகொள்ளலாம், புதிய கோயில்பிள்ளையைக் கமிட்டி தேடும் என்றாராம் குருவானவர்.

"நான் இருக்கேன்லாப்பா" என்றேன்.

அப்பா கோபப்பட்டார். அபூர்வம். "ஒங்கம்மா பீடி சுத்தி ஒன்னப் படிக்க வச்சது இந்தக் கயித்தப் பிடிக்கவா? எவனாவது கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" கயிற்றைப் பிடித்து மூச்சை எண்ணி அடித்ததால்தான் படித்ததன் அர்த்தம் புரிந்தது என்று அவருக்கு எப்படிச் சொல்வது? விளக்குகளை எடுத்துத் துடைத்தேன்.

ஆண்டவரே, இந்த நோட்டில் பிள்ளைகளுக்காக நன்றி சொன்னேன், டீச்சருக்காகக் கேட்டேன். எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தெரியாமல் இல்லை. கேட்டால் கிடைக்காமல் போய்விடுமோ என்று வைத்திருந்தேன்.

வீட்டுக்காக இல்லை. வீடு போனால் வாடகைக்குப் பார்ப்போம். சுவரில் எங்கள் பெயர் வர வேண்டும் என்றும் இல்லை.

நாளை ஞாயிறு. முதல் மணிக்கு அப்பா என்னோடு வருவார், வெளியே நிற்பார், பழக்கத்தில் கதவைச் சாத்தக் கையைக் கொண்டுபோவார். அந்தக் கையை நிறுத்தும். கதவு திறந்தே இருக்கட்டும். ஊர் முழுக்க வாசலில் நின்று பார்க்கட்டும். நாளை மட்டுமல்ல, இனி எப்போதும், அந்த மணியை நான் அடிக்க வேண்டும்.